அளந்தவர்க்கு உரிமை உண்டா?

ஒரு பொருளைப் பார்த்து அதே போல் மற்றொன்றைச் செய்வது மனிதன் கற்ற மிகப் பழைய தொழில்களுள் ஒன்று. சாவியைப் பார்த்து மாற்றுச் சாவி அராவுவதும், பழைய சட்டையை அளவாக வைத்துக்கொண்டு புதுச் சட்டை தைப்பதும், தேய்ந்துபோன பல்சக்கரத்தைப் பார்த்துப் புதியதொன்றைக் கடைந்து கொடுப்பதும் இத்தகைய வேலைகளே. முன்னாளில் இதற்கு நூலும் கோலும், காலிப்பரும் மைக்ரோமீட்டரும் போதுமாயிருந்தன. இந்நாளில் ஸ்கேனர் என்னும் கருவி வந்திருக்கிறது.

அக்கருவி ஒளிக்கற்றையைப் பொருளின்மேல் வீசி, மேற்பரப்பிலுள்ள பல்லாயிரம் புள்ளிகள் எவ்வெவ்விடத்தில் அமைந்துள்ளன என்பதைக் குறித்துக்கொள்கிறது. அப்புள்ளிகளைச் சிறு சிறு முக்கோணங்களாக இணைத்தால், மீன்வலையை வளைத்துப் போர்த்தியதைப் போன்ற ஓர் உருவம் கணினித் திரையில் தோன்றும். பயிற்சி பெற்ற ஒருவர் அதைச் செப்பனிட்டால், அப்பொருளின் முப்பரிமாணக் கணினி மாதிரி கிடைத்துவிடும். அந்த மாதிரியை ஒரு கோப்பாகச் சேமித்து, நொடிப்பொழுதில் உலகின் மறுகோடிக்கு அனுப்பலாம். தக்க இயந்திரத்தில் ஏற்றி, எத்தனை பிரதிகள் வேண்டுமானாலும் செய்யலாம்.

இங்கேதான் ஒரு கேள்வி எழுகின்றது. ஏற்கெனவே உள்ள ஒரு பொருளை அளந்து செய்த கணினி மாதிரி யாருக்குச் சொந்தம்? பொருளை முதன்முதலில் வடிவமைத்தவர்க்கா? பொருளை விலைகொடுத்து வாங்கியவர்க்கா? அல்லது இரவு பகலாக உட்கார்ந்து அளந்தவர்க்கா?

இஃது ஏதோ தொலைதேசத்துக் கேள்வி அன்று. எல்லையை ஒட்டியுள்ள நகரி, புத்தூர், சத்தியவேடு, சித்தூர் முதலிய ஊர்களில் வாழும் தமிழர்களுக்கும், வேலை தேடித் திருப்பதிப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்களுக்கும் இது வயிற்றுப்பாட்டுக் கேள்வியாகும். திருப்பதிக்கு அருகே கரகம்பாடியில் மின்கலத் தொழிற்சாலையும், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஸ்ரீசிட்டியில் மோட்டார் வாகனம் முதலான பல தொழிற்சாலைகளும் எழுந்துள்ளன. இத்தகைய ஆலைகளைச் சூழ்ந்து கடைசல் பட்டறைகளும் கணினி வரைவுக் கூடங்களும் பெருகுவது இயல்பு. அங்கு நாட்கூலிக்கும், வேலைக்கு இவ்வளவு என்னும் ஒப்பந்தத்துக்கும் உழைப்போர்க்குத் தம் உரிமை எதுவரை செல்லும் என்பது தெரிந்திருத்தல் வேண்டும்.

ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்துகொள்வோம். சித்தூர் வட்டாரம் மாங்கூழுக்குப் பெயர் பெற்றது. தோத்தாபுரி மாம்பழம் லாரி லாரியாக வந்து இறங்கும் சில வாரங்களுக்குள், ஆண்டு முழுவதற்குமான கூழைப் பிழிந்து முடித்தாக வேண்டும். அந்தச் சமயத்தில் கூழ் பிழியும் இயந்திரத்தின் சுழல்துடுப்பு ஒன்று உடைந்துவிட்டது. இயந்திரத்தைச் செய்த கம்பெனி வெகு தொலைவில் இருக்கிறது. ஆலைக்காரர் உடைந்த பாகத்தை அருகிலுள்ள ஓர் இளைஞரிடம் கொடுக்கிறார். அவர் மூன்று நாள் கண்விழித்து, பாகத்தை அளந்து, தேய்ந்த இடங்கள் முன்பு எவ்வாறு இருந்திருக்கும் என்று கணித்து, கணினி மாதிரியை உருவாக்கித் தருகிறார். புதிய பாகம் கடையப்படுகிறது, ஆலை ஓடுகிறது. மறு ஆண்டு, அதே கோப்பைக்கொண்டு ஆலைக்காரர் வேறு பட்டறையில் பத்துத் துடுப்புகள் செய்துகொள்கிறார். “என் கோப்பை என்னைக் கேளாமல் பயன்படுத்தலாமா?” என்கிறார் இளைஞர். “பாகம் என்னுடையது, கூலியும் கொடுத்தாயிற்று” என்கிறார் ஆலைக்காரர். “வடிவமே எங்களுடையது” என்று கம்பெனியும் உரிமை கோரக்கூடும். மூவருள் சட்டம் எவர் பக்கம் நிற்கும்?

இதற்கு மிக நெருங்கிய வழக்கு ஒன்று அமெரிக்காவில் நடந்தது. டொயோட்டா கம்பெனி தன் 2004ஆம் ஆண்டு மாடல் கார்களை விளம்பரம் செய்ய விரும்பியது. கார்களைப் படம் பிடிப்பதற்குப் பதிலாகக் கணினி மாதிரிகளைச் செய்துகொண்டால், நிறத்தையும் பின்னணியையும் வேண்டியவாறு மாற்றிக்கொள்ளலாம் அன்றோ? அவ்வேலை கைமாறிக் கைமாறி, மெஷ்வர்க்ஸ் என்னும் சிறிய நிறுவனத்திடம் வந்து சேர்ந்தது. அந்நிறுவனத்தார் ஒவ்வொரு வண்டியின்மேலும் நாடாக்களைக் குறுக்கும் நெடுக்கும் ஒட்டி, கணினியோடு இணைந்த அளவுக்கரம் ஒன்றினால் அவை சந்திக்கும் புள்ளிகளை யெல்லாம் அளந்தனர். சக்கரம், முகவிளக்கு, கதவின் கைப்பிடி போன்றவற்றைக் கருவியால் செவ்வையாக அளக்க இயலவில்லை. ஆகவே அவற்றைத் திரையில் கையாலேயே உருவாக்கினர். முடிவான மாதிரியிலுள்ள புள்ளிகளில் ஏறத்தாழ 90 விழுக்காடு இவ்வாறு கைத்திறத்தால் அமைந்தவை என்றும், ஒரு வண்டிக்கு 80 முதல் 100 மணி நேரம் ஆயிற்று என்றும் அவர்கள் எடுத்துரைத்தனர்.

பின்னர், ஒரே ஒரு தொலைக்காட்சி விளம்பரத்துக்காகத் தாங்கள் கொடுத்த மாதிரிகள் பல விளம்பரங்களில் பயன்படுத்தப்பட்டன என்று சொல்லி, பதிப்புரிமையின் பேரால் மெஷ்வர்க்ஸ் வழக்குத் தொடுத்தது. 2008ஆம் ஆண்டு ஜூன் மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் அக்கோரிக்கையை மறுத்தது. தீர்ப்பை எழுதியவர், பின்னர் 2017இல் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியான நீல் கோர்சச். மெஷ்வர்க்ஸார் பெருந்திறமையுடன் உழைத்தனர் என்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை. ஆனால் அவ்வுழைப்பு முழுவதும் டொயோட்டா காரை உள்ளது உள்ளவாறே காட்டுவதற்குப் பயன்பட்டதேயன்றி, புதிதாக ஒன்றைச் சேர்ப்பதற்குப் பயன்படவில்லை. காரின் வடிவம் டொயோட்டாவினுடையது. அதற்கு மேல் மாதிரியில் மெஷ்வர்க்ஸாரின் சொந்தக் கற்பனை என்று சுட்ட ஏதுமில்லை. ஆகவே பதிப்புரிமை இல்லை என்பது தீர்ப்பு.

இதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பே, 1988இல், இங்கிலாந்தின் பிரிவி கௌன்சில் இத்தகைய கருத்தைக் கூறியிருந்தது. குழந்தைகள் அடுக்கி விளையாடும் லெகோ கட்டைகளைப் பற்றி ஹாங்காங்கிலிருந்து வந்த வழக்கு அது. பழைய வரைபடங்களைச் சிறு அளவு மாற்றங்களுடன் திரும்ப வரைந்துவிட்டு, அவற்றுக்குப் புதிய பதிப்புரிமை கோர இயலாது என்று அம்மன்றம் தீர்மானித்தது. ஒன்றை அப்படியே பிரதி செய்வதற்கு எவ்வளவு திறமை வேண்டியிருப்பினும், அத்திறமை பிரதி செய்பவரைப் படைப்பாளி ஆக்கிவிடாது என்பதே இதன் சாரம்.

இனி நம் நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. இச்சட்டத்தில் “கலைப்படைப்பு” என்னும் சொல் ஓவியம், சிற்பம் ஆகியவற்றோடு வரைபடங்களையும் பிளான்களையும் தழுவி நிற்கின்றது. வரைபடம் அழகாயிருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் அது சுயமானதாயிருத்தல் வேண்டும். சுயமானது என்றால் என்ன? 2007ஆம் ஆண்டு டிசம்பரில் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை கூறியது. நீதிமன்றத் தீர்ப்புகளைத் திருத்தி அச்சிடும் பதிப்பகத்துக்கு அப்பதிப்பில் உரிமை உண்டா என்பது அவ்வழக்கு. பணமும் பாடும் செலவிட்டதனால் மட்டும் உரிமை பிறந்துவிடாது. முன்னில்லாத புதுமையும் தேவையில்லை. இயந்திரம் போலன்றி, திறமையும் தேர்வும் கலந்து, சிறிதளவேனும் படைப்புத்தன்மை இருந்தாக வேண்டும் என்று நீதிமன்றம் வரையறுத்தது. அச்சுப் பிழைகளைத் திருத்தியமைக்கு உரிமை கிட்டவில்லை. தீர்ப்பைப் பொருளறிந்து பத்திகளாகப் பிரித்து எண்ணிட்டமை போன்ற பணிகளுக்கு உரிமை கிட்டியது.

இந்த அளவுகோலைச் சித்தூர் இளைஞரின் மாதிரிக்குப் பொருத்திப் பாருங்கள். தேய்ந்த தண்டு இன்று 24.8 மில்லிமீட்டர் காட்டுகிறது; முதலில் அது 25 மில்லிமீட்டராக இருந்திருக்கும் என்று அவர் முடிவு செய்கிறார். இதற்கு அனுபவம் வேண்டும். ஆயினும் அம்முடிவின் நோக்கம் பழைய உருவத்தைக் கண்டுபிடிப்பதே. அளவு எவ்வளவு துல்லியமாகிறதோ, அவ்வளவுக்கு அளந்தவரின் கைச்சுவடு மறைந்துபோகிறது. வேலையின் சிறப்பே பதிப்புரிமைக்கு இடையூறாகிவிடும் விசித்திரம் இது. ஆனால் அவரே துடுப்பின் வளைவை மாற்றி, கூழ் எளிதில் வழியுமாறு புதியதொரு வடிவத்தைச் சிந்தித்து வரைந்திருப்பாரானால், அந்தப் புதிய வரைபடத்தில் தம் படைப்பு உண்டு என்று அவர் கூற இடமுண்டு.

தொலைவிலுள்ள கம்பெனியின் கோரிக்கை எந்த மட்டும் நிற்கும்? அந்தத் துடுப்பு புத்தாக்கத்துக்கான பேட்டண்ட் உரிமை பெற்றிருந்தால், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு. தோற்ற அழகுக்காக 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின்கீழ்ப் பதிவாகியிருந்தால் 10 ஆண்டுகளும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. இவ்வுரிமைகள் உயிருடன் இருக்கும்போது, அளந்து செய்தாலும் கண்ணால் பார்த்துச் செய்தாலும் குற்றம் ஒன்றே. ஆகவே வணிகத்துக்காகப் பாகம் செய்வோர் முதலில் பதிவேட்டைப் பார்ப்பது நன்று.

இவையில்லாமல், வரைபடத்தின் பதிப்புரிமையை மட்டும் நம்பி நிற்கும் கம்பெனிக்குச் சட்டம் இரண்டு வரம்புகளை விதித்துள்ளது. முதலாவது, வடிவமைப்பாகப் பதிவு செய்யத்தக்க ஒன்றைப் பதிவு செய்யாமல், உரிமையாளரோ அவர் அனுமதி பெற்றவரோ தொழில்முறையில் 50 முறைக்கு மேல் பொருளாகச் செய்துவிட்டால், அதன் பதிப்புரிமை நின்றுபோகும். இரண்டாவது, ஒரு பயன்பாட்டுச் சாதனத்தின் முற்றிலும் செயல் சார்ந்த பகுதியைத் தொழிலுக்காகத் தொழில்நுட்ப வரைபடத்திலிருந்து பொருளாகச் செய்வது பதிப்புரிமை மீறல் ஆகாது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் இதைச் சேர்த்தது. திரவ எரிவாயு ஏற்றிச் செல்லும் டிரெய்லரின் வரைபடங்களைப் பற்றிய வழக்கில், 2025ஆம் ஆண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாக வழிகாட்டியது. ஒரு படைப்பு தூய கலைப்படைப்பா, அல்லது அதிலிருந்து தொழில்முறையில் எடுத்தாளப்பட்ட வடிவமைப்பா என்று முதலில் பார்க்க வேண்டும். அதில் ஓங்கி நிற்பது பயன்பாடா, அழகா என்பதையும் ஆராய வேண்டும் என்பது அவ்வழிகாட்டுதல்.

எனினும், பதிப்புரிமை இல்லாத இடத்திலும் நம்பிக்கை என்று ஒன்று உண்டு. 1987இல் டில்லி உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஜான் ரிச்சர்ட் பிரேடி வழக்கில், கால்நடைத் தீவனம் வளர்க்கும் இயந்திரத்தின் வரைபடங்கள், அதன் ஒரு பகுதியைச் செய்து தரும் பொருட்டு இரகசியமாக ஒரு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டன. அந்நிறுவனம் தானே அத்தகைய இயந்திரத்தைச் செய்யத் தொடங்கியபோது நீதிமன்றம் தடை விதித்தது. நம்பிக் கொடுத்த வரைபடத்தையும் கோப்பையும், கொடுத்த காரியத்துக்கு அப்பால் பயன்படுத்தலாகாது என்பதை இதனால் அறியலாம்.

இதுவரை இயந்திரப் பாகங்களைப் பற்றிப் பேசினோம். கலைப்பொருள்களின் கதை வேறு. திருப்பதியில் செம்மரத்தில் செதுக்கிய மரப்பாச்சி பொம்மைகள் நம் கொலுப்படியில் தலைமுறை தலைமுறையாக வீற்றிருப்பவை. ஏர்ப்பேட்டுக்கு அருகிலுள்ள மாதவமாலை மரச்சிற்பத்துக்குப் பேர்போன கிராமம். குடிமல்லத்தின் பழைய சிவலிங்கம் உலகறிந்தது. இவற்றை ஸ்கேன் செய்தால் என்ன?

மிகப் பழைய சிற்பத்துக்கும், மரபு வழிவந்த பொது உருவத்துக்கும் எவருடைய பதிப்புரிமையும் இல்லை. அதை உள்ளவாறே அளந்தவரும் அதற்குப் புதிய சொந்தக்காரர் ஆகிவிட முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2019ஆம் ஆண்டு நெறிமுறையில் இதை எழுதியே வைத்துவிட்டது: பாதுகாப்புக் காலம் முடிந்த காட்சிக்கலைப் படைப்பின் நகலுக்கு, அந்நகல் தானே சுயமான படைப்பாக இருந்தாலன்றி, புதிய உரிமை இல்லை. ஆயினும் கோயிலுக்குள்ளும் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள இடத்துக்குள்ளும் கருவியைக் கொண்டுசெல்ல அனுமதி வேண்டும். இடத்துக்கு உரியவர் விதிக்கும் நிபந்தனை வேறு, பதிப்புரிமை வேறு.

ஆனால் இன்று வாழும் ஒரு சிற்பி தம் கற்பனையைக் கலந்து செதுக்கிய உருவம் அவருடைய படைப்பாகும். பொதுவான தெய்வ இலக்கணத்துக்கு அவர் உரிமை கொண்டாட இயலாது. அவ்விலக்கணத்துக்குள் அவர் காட்டிய தனித்தன்மைக்கு அவர் வாழ்நாளும், அதற்குப்பின் 60 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. கடையில் ஒரு சிற்பத்தை விலைக்கு வாங்கியவர் மரத்தை வாங்கினாரே தவிர, பிரதி செய்யும் உரிமையை வாங்கவில்லை. அதை ஸ்கேன் செய்து கணினியில் சேமிப்பதையும் சட்டம் பிரதி செய்தலின் பாற்படுத்துகிறது. அக்கோப்பை மரம் கடையும் இயந்திரத்தில் ஏற்றி நூறு உருவங்கள் இறக்கினால், சிற்பியின் வாய்ச்சோற்றைப் பறித்ததாகும்.

பெயருக்கு மட்டும் அளிக்கப்படும் பாதுகாப்பையும் இதனோடு குழப்பிக்கொள்ளலாகாது. ஸ்ரீகாளஹஸ்தி கலம்காரியும், 2009இல் திருப்பதி லட்டுவும் புவிசார் குறியீடு பெற்றன. அதனால் வேறோர் ஊரில் எவரும் லட்டு பிடிக்கவே கூடாது என்றாகிவிடாது. அதைத் திருப்பதி லட்டு என்று சொல்லி விற்கக் கூடாது என்பதே பொருள்.

இனி, கோப்பு யாருடையது என்னும் கேள்விக்குத் திரும்புவோம். மாதிரியில் ஏதேனும் படைப்புரிமை இருக்குமானால், அது முதலில் யாரைச் சேரும்? மாதச் சம்பளத்துக்கு வேலை செய்பவர் தம் வேலையின்போது உருவாக்கியது, வேறு ஒப்பந்தம் இல்லாவிடின், முதலாளியைச் சேரும். தனியே ஒப்பந்த வேலை செய்பவரின் நிலை வேறு. பணம் கொடுத்து எடுப்பித்த புகைப்படமும் வரைவித்த ஓவியமும் பணம் கொடுத்தவரைச் சேரும் என்று சட்டம் கூறுகிறது. சிற்பமும் பொறியியல் வரைபடமும் அந்தப் பட்டியலில் இல்லை. எனவே எழுத்து மூலம் மாற்றிக் கொடுத்தாலன்றி, அவற்றின் உரிமை செய்தவரிடமே தங்கும். மாற்றிக் கொடுக்கும் பத்திரத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், இடம் குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும்.

ஆயின், நம் உதாரணத்து இளைஞரைப் போல, உள்ளதை உள்ளவாறே அளந்தவர்க்குப் பதிப்புரிமைச் சட்டம் பெருந்துணை ஆகாது என்று கண்டோம். அவருக்குத் துணை ஒப்பந்தமே. கருவியைக் கையில் எடுக்குமுன் சில செய்திகளை எழுதிக்கொள்ள வேண்டும். கொடுக்கப்படுவது செய்த பாகம் மட்டுமா, கணினிக் கோப்பும் சேர்த்தா? கோப்பை ஒரு முறைக்கு மட்டும் பயன்படுத்தலாமா, எத்தனை முறையானாலுமா? மூன்றாமவர்க்கு அதைக் கொடுக்கலாமா? மறுமுறை பயன்படுத்தினால் கூலி என்ன? பொருளைக் கொண்டுவந்தவர்க்கு அதை நகல் செய்விக்கும் உரிமை உண்டென்று அவரே உறுதி கூறுகிறாரா? இவ்வைந்துக்கும் விடை எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்டால், பின்னால் வரும் வழக்குகளுள் பெரும்பாலானவை முளையிலேயே நின்றுவிடும்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு மற்றொரு எச்சரிக்கையும் தேவை. நீட்டப்படும் தாள் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ இருக்கலாம். நாவில் தெலுங்கு சரளமாயிருந்தும் எழுத்து வாசிக்க வராதவர் நம்மிடையே உண்டு. வெட்கப்படாமல், தெரிந்த ஒருவரைக்கொண்டு முழுவதையும் வாசிக்கச் செய்து கேட்ட பிறகே கையெழுத்திட வேண்டும். “எல்லா உரிமைகளும் என்றென்றைக்கும்” என்னும் ஒரு வரி, பல நாள் உழைப்பின் பயனை ஒரே நாளில் கைமாற்றிவிடக்கூடும்.

சித்தூர் வழக்குக்கு இப்பொழுது தீர்ப்புச் சொல்லிவிடலாம். பேட்டண்டோ பதிவோ இல்லையானால், துடுப்பைச் செய்துகொள்வதைத் தொலைவிலுள்ள கம்பெனி தடுப்பது கடினம். கோப்பை மறுமுறை பயன்படுத்தக் கூடாது என்று முன்னமே பேசிக்கொள்ளவில்லையானால், இளைஞர் பதிப்புரிமையைக் காட்டி ஆலைக்காரரை நிறுத்துவதும் கடினம். பேசி எழுதியிருந்தாலோ, அந்த ஒரு தாளே அவருக்கு வலுவான சான்றாக நிற்கும்.

அளவு எவர்க்கும் பொதுவானது. அதைப் பூட்டிவைக்கச் சட்டம் இடங்கொடாது. புதிய வடிவத்தைச் சிந்தித்தவர்க்கு உரிமை உண்டு. பிறர் சிந்தித்ததைப் பிழையின்றி அளந்து தருபவர்க்கு உரியது நியாயமான கூலி. அக்கூலியையும் அதன் நிபந்தனைகளையும் வேலை முடிந்தபின் நீதிமன்றத்தில் தேடாமல், வேலை தொடங்குமுன் தாளில் எழுதிக்கொள்வதே அறிவுடைமையாகும்.